பன்னிரண்டாவது நாற்காலி

2022 ஏப்ரல் 14, வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஜெபம். ஒரு குவளைத் தண்ணீரில் பல் துலக்கி, மிச்சத்தில் முகம் கழுவினேன். சவரம் இல்லை. ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டேன். துண்டைப் பிழிந்த தண்ணீரைச் செலின் சன்னலோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றினாள். இரண்டு துண்டு ரொட்டி, அரைக் கோப்பை கோப்பி. தட்டு கழுவ வேண்டாமென்று ரொட்டியைக் கையிலேயே வைத்துச் சாப்பிட்டோம்.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது. செலின் என் மனைவி. நான் ஆரோக்கியம். தண்ணீர் இலாகாவில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீர் இலாகாக்காரன் வீட்டிலேயே மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்பதை அந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் கவனித்திருப்பார்கள். எங்கள் ஃபிளாட்டில் எல்லாரும் கவனித்திருந்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், இலாகாவில் தண்ணி லோரிகளை அனுப்பும் வேலையை இனிமேல் ஒரு கைப்பேசிச் செயலி செய்யப்போகிறதாம். அதை அமைக்கும் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கேட்டு அழைப்பவர்களிடம் செயலி என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்று விசாரித்தார்கள். மூன்று கேள்விகள் சொன்னேன். மூன்றும் என் மேலதிகாரி ரொஹானா அம்மையாரின் கேள்விகள்; மலாயில் புவான் ரொஹானா. குறித்துக்கொண்ட பெண், நாலாவதாக ஏதும் உண்டா என்று கேட்டாள். உண்டு. ஆனால் அதைச் செயலிக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் மீட்டர் படிப்பவனாகச் சேர்ந்தேன். ஜார்ஜ்டவுனின் சந்துகளையும் அங்குள்ள நாய்களையும் அந்த வருடங்களில் கற்றேன். பிறகு வால்வு திறந்து மூடும் பிரிவு. பிறகு முதுகுவலி. அதன் பிறகு லோரி மேசை. எங்காவது குழாய் உடைந்தால், எந்த லோரி எந்த இடத்துக்கு எப்போது போக வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசை அது. கடைசிப் பன்னிரண்டு வருடம் அங்கேதான் இருந்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, மலேசியப் பெருநிலத்திலிருந்து பினாங்குத் தீவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் ஒன்று பட்டர்வொர்த் பக்கம் வெடித்தது. வியாழக்கிழமை தமிழ்ப் புத்தாண்டு. முஸ்லிம்களுக்கு நோன்பு மாதம். கிறிஸ்தவர்களான எங்களுக்கு, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன். பினாங்கில் மூன்று மதத்தாரும் ஒரே நேரத்தில் கைகால் கழுவ வேண்டிய நாளாகத் தேடிப்பிடித்து அந்தக் குழாய் வெடித்ததுபோல இருந்தது.

அன்று காலை வேலைக்குப் புறப்பட்டபோது பக்கத்து வீட்டு முருகையா அண்ணன் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய பஸ் ஓட்டுநர், தனியாள். இரண்டு சிறுநீரகமும் வேலை நிறுத்தம் செய்து நாலைந்து வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாளுக்குச் சின்ன போத்தல் ஒன்றுக்குமேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆகவே குடிக்கத் தண்ணீர் இல்லையென்று புலம்பாத ஒரே ஆள் எங்கள் மாடியில் அவர்தான். மற்றதற்கெல்லாம் புலம்புவார்.

"என்னா ஆரோக்கியம், ஒங்க சாமி தண்ணி மேல நடந்தாரு. நீ தண்ணி டிப்பார்ட்மெண்ட்ல இருக்க. ரெண்டு பேரு இருந்தும் என் கொழாயில காத்துதான் லா வருது."

நாளைக்குள் வந்துவிடும் என்று சொன்னேன். மூன்று நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"புது வருசத்துக்கு எண்ண தேச்சுக் குளிக்கணும்னு இருந்தேன். சரி, பாதியாச்சும் செய்வோம்னு எண்ணய மட்டும் தேச்சுக்கிட்டேன்."

தலை உண்மையிலேயே பளபளத்தது. ஆனால் அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவே அவர் நாலு முறை மூச்சு வாங்கினார். கால்கள் வீங்கி, செருப்பின் வார் மாட்டவில்லை. செவ்வாய்க்கிழமை தண்ணீர் போதாமல் டயாலிசிஸைப் பாதியில் நிறுத்தி அனுப்பியிருந்தார்கள். அன்று பிற்பகல் அடுத்த முறை. அன்றும் முழுதாக நடக்காவிட்டால், லோரி அனுப்ப வேண்டாம், பெட்டி அனுப்பு என்றார். சிரிக்க முயன்று, மூச்சு போதாமல் விட்டுவிட்டார்.

காலையில் முதல் லோரியே உங்கள் டயாலிசிஸ் நிலையத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் படிப் பக்கம் திரும்பினேன்.

செலின் வாசல்வரை வந்து, சீக்கிரம் திரும்பும்படி நினைவுபடுத்தினாள். இதற்கு விளக்கம் தேவை. பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகக் குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். இரண்டு வருடம் நோய்த்தொற்றினால் நடக்காமல், அந்த வருடம்தான் மறுபடி நடந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் தேவாலயத்தாரிடையே, இதற்கென்று இரண்டு வழக்கங்கள் உண்டு. முதலாவது, பாதம் கழுவப்படப் போகிறவர்கள் வீட்டிலேயே பாதத்தை நன்றாகக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். ஃபாதர் கையில் அழுக்குக் காலைக் கொடுப்பது எப்படி என்பது நியாயம். மூன்று நாள் வறட்சியிலும் செலின் ஒரு வாளித் தண்ணீரைத் தட்டுப்போட்டு மூடி, தொடக்கூடாது என்று அதன்மேல் ஒரு ஜெபமாலையையும் வைத்திருந்தாள். என் பாதத்துக்கு.

இரண்டாவது, பீடத்துக்கு முன்னால் போடும் பன்னிரண்டு நாற்காலிகளில் கடைசி நாற்காலி யூதாஸுடையது என்று எல்லாரும் நம்புகிறார்கள். எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் அப்படி இல்லை. எந்த ஃபாதரும் சொன்னதில்லை. ஆனாலும் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். ஏழரைப் பூசைக்கு ஆறரைக்கே வந்து இடம் பிடிப்பார்கள். பிந்தி வருபவனுக்கு அதுதான். முதல் நாற்காலி பேதுருவுடையது. அதில் பங்குப் பேரவைத் தலைவர் அந்தோணிசாமி அண்ணன் பல வருடமாக உட்கார்ந்து வருகிறார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பேதுருவே வந்து கேட்டாலும் எழுந்து கொடுப்பாரா என்பது சந்தேகம்.

ஏழரை மணிக்கு மேசைக்குப் போனேன். புவான் ரொஹானா எனக்கு முன்பே வந்திருந்தார். நோன்பு மாதத்தில் அவர் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். சாதாரண நாளிலேயே அவர் சத்தம்போட்டு நான் கேட்டதில்லை. எரிச்சல் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மிகவும் எரிச்சல் வந்தால், துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பார். அதற்கு மேல் கோபம் அவரிடம் கிடையாது. பொறியாளர். தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டே குழாயின் குறுக்களவைச் சொல்வார் என்று இலாகாவில் ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்ததில்லை.

அவருடைய மூன்று கேள்விகள் இவை. எத்தனை பேர் இருக்கிறார்கள். அதில் நோயாளி யார். லோரி எங்கே நிற்கும். அழைப்பவர் மந்திரியானாலும் மாமியானாலும் கேள்வி இந்த வரிசையில்தான். மூன்றாவதுதான் முக்கியம் என்பார். ஜார்ஜ்டவுன் சந்தில் தண்ணீர் கேட்பவர்கள் எல்லாரும் லோரி பறந்து வரும் என்று நினைக்கிறார்கள்.

புதன்கிழமை டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் நேரடியாக அவரை அழைத்தார். புவான் தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு, மரியாதை குறையாமல் மூன்றையும் கேட்டார். வீட்டில் நாலு பேர். நோயாளி என்று யாருமில்லை, ஆனால் குளத்தில் விலை உயர்ந்த மீன்கள் இருக்கின்றன. லோரி வாசலில் நிற்கலாம். அந்த மீன்களுக்கு வயது என்ன என்று புவான் கேட்டார். டத்தோ மகிழ்ச்சியோடு சொன்னார். அவரை வரிசையில் சேர்த்திருப்பதாகச் சொல்லி நன்றி கூறி வைத்தார். எந்த இடத்தில் சேர்த்தார் என்பது டத்தோவுக்கு வெள்ளிக்கிழமைதான் புரிந்திருக்கும்.

வரிசைக்கும் ஒரு விதி இருந்தது. முதலில் மருத்துவமனை, டயாலிசிஸ், முதியோர் இல்லம். அடுத்து விடுதிகள், உயரமான ஃபிளாட்டுகள். அதற்கடுத்து வழிபாட்டு இடங்கள். எல்லாருக்கும் ஒரு முறை கிடைக்கும்வரை யாருக்கும் இரண்டாம் முறை கிடையாது. இந்தக் கடைசி வரியில் புவான் மிகக் கண்டிப்பு. அதை மீறினால் குரல் பெரிதாக இருப்பவன் வீட்டுக்குத்தான் தண்ணீர் போகும் என்பார்.

அன்று எங்கள் கோயில் வரிசையில் இருந்தது. அந்தோணிசாமி அண்ணன் திங்கள்கிழமையிலிருந்தே, அதாவது குழாய் வெடிப்பதற்கு முன்பிருந்தே, பெரிய வாரத்துக்குத் தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதுவும் முன்னே தள்ளவில்லை, பின்னே இழுக்கவில்லை. முறைப்படி அன்றைய கடைசி லோரி கோயிலுக்கு. ஆறு மணிக்கு.

முதல் லோரி ஒன்பது மணிக்கு முருகையா அண்ணனின் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்த் தொட்டியை நிரப்பிவிட்டு வந்தது. புவான் குழாய் வேலையைப் பார்க்கப் பட்டர்வொர்த் போனார். அதுவரைக்கும் என் எழுத்து நாட்குறிப்பில் நேராக இருக்கிறது.

இரண்டரைக்கு நிலையத்திலிருந்து தாதி கோமதி அழைத்தாள். தொட்டி காலி என்றாள். காலையில்தானே ஒரு முழு லோரி என்றேன். எனக்கும் அதான் சார் புரியல என்றாள். பிற்பகல் நோயாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரத்தம் சுத்திகரிக்க ஆளுக்கு ஒரு பெரிய டிரம்முக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். மற்றவர்களை ஒரு நாள் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேட்கிறாள். முருகையாவைத் தள்ளிப்போட முடியாது. ஆறரைக்குள் தண்ணீர் வராவிட்டால் அவரை ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவசரப் பிரிவில் ஏற்கெனவே வரிசை. அவர் தாங்குவாரா தெரியவில்லை என்றாள்.

ஒரு லோரித் தண்ணீர் எங்கே போனது என்று விசாரித்தேன். பழைய கட்டடம். கூரைமேல் ஒரே தொட்டி. அது நிலையத்துக்கும் பக்கத்துக் கடைக்கும் பொது. பக்கத்துக் கடை, காசு போட்டுத் துணி துவைக்கும் டோபி.

டோபிக்காரர் ஆ செங்கை அழைத்தேன். உற்சாகமாக இருந்தார். இப்படி ஒரு வியாபாரத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். ஊரில் எல்லா டோபியும் மூடிக்கிடக்க, காலையில் சாமிக்கு ஊதுபத்தி வைத்துக் கும்பிட்டாராம். ஒன்பது மணிக்கு அவர் கடையில் மட்டும் தண்ணீர் வந்துவிட்டதாம். ஜெலுத்தோங்கிலிருந்தெல்லாம் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறார்களாம்.

அது சாமி இல்லை, எங்கள் மூன்றாம் நம்பர் லோரி என்று விளக்கினேன். அந்தப் பக்கம் இயந்திரங்கள் சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல மனிதர். உடனே எல்லாவற்றையும் நிறுத்துகிறேன் என்றார். நிறுத்தினார். அதற்குள் தொட்டியில் ஒரு வாளிகூட இல்லை.

இருந்த நாலு லோரிகளில் ஒன்று பழுது. மற்றவை முதியோர் இல்லத்துக்கும் பெண்கள் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு மணி லோரி ஒன்றுதான் மிச்சம். விதிப்படி நிலையத்துக்கு முறை முடிந்தது. விதிப்படி அது கோயிலுடையது.

பட்டர்வொர்த்தில் புவானைப் பிடிக்க நாலு முறை முயன்றேன். கிடைத்தபோது பின்னால் பம்பு சத்தம். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டார். நாங்கள் பேசியது மலாயில்.

"டயாலிசிஸுக்குக் கொடுத்தால் உங்களை யார் திட்டுவார்கள்?"

"என் கோயிலில் எல்லாரும் திட்டுவார்கள் புவான்."

"கோயிலுக்குக் கொடுத்தால்?"

"யாரும் திட்ட மாட்டார்கள். அது அவர்கள் முறை."

"அப்படியானால் உங்களுக்கே தெரிகிறது" என்று சொல்லி வைத்துவிட்டார். பொத்தென்று வைக்கவில்லை. அவர் எதையும் பொத்தென்று வைப்பவர் அல்ல.

செயலிக்காகக் குறித்துக்கொண்ட அந்தப் பெண் கேட்ட நாலாவது கேள்வி இதுதான்: கொடுத்தால் உங்களை யார் திட்டுவார்கள்?

விசுவாசத்தை வாழ்வது என்று எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். கஷ்ட காலத்தில் அது எனக்கு ஏதாவது பெரிய உருவத்தில் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அந்தோணிசாமி அண்ணனுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும் என்ற உருவத்தில் வந்தது. மேசையைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டுத்தான் எண்ணை அழுத்தினேன்.

முழுவதையும் கேட்டார். பிறகு வகுப்பறைக் குரலில் தொடங்கினார்.

"ரெண்டு வருசம் கழிச்சு சனம் கோயிலுக்கு வருது ஆரோக்கியம். கக்கூஸ்ல தண்ணியில்லாம, பாதங்கழுவத் தண்ணியில்லாம பெரிய வியாழனா? அவங்களுக்குக் காலையிலயே குடுத்தாச்சுன்னு சொன்னியே."

"டோபி எடுத்துருச்சுண்ணே."

"அப்போ ஊரான் ஜட்டி தொவைக்க நம்ம கோயில் தண்ணி."

"ஜட்டிக்குப் போனது அவங்க தண்ணிண்ணே. நம்ம தண்ணி நோயாளிக்கு."

"யாரு நோயாளி?"

"என் பக்கத்து வீட்டு முருகையா அண்ணே."

நான் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் அனுப்பியிருப்பேன் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"பக்கத்து வீட்டுக்கு லோரி விடுற. நல்லது தம்பி. நீயும் பன்னெண்டு பேர்ல ஒருத்தன். அந்த மூஞ்சியோட சாயங்காலம் வந்து உக்காரு."

லோரி ஓட்டுநர் டின்னுக்குச் சொன்னேன். அவருக்கு இது கோயிலா டயாலிசிஸா என்பதில் கவலை இல்லை. நோன்பு திறப்பதற்குள் லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் புவானின் மூன்றாவது கேள்வி அங்கே காத்திருந்தது. நிலையத்தின் தெருவில் நோன்பு மாதப் பாசார். இரண்டு பக்கமும் கூடாரம், அடுப்பு, நோன்பு திறக்கப் பலகாரம் வாங்கும் கூட்டம். லோரி முனையில் நின்றுவிட்டது. டின் அழைத்தார். நான் திருப்புளி, குறடு எல்லாம் எடுத்துக்கொண்டு நேரே போனேன்.

வழி விடக் கேட்டு, இறைச்சி வைத்து மடித்த முர்தபாக் ரொட்டி சுடும் கடைக்காரரிடம் பேசினேன். கூட்டமான நேரத்தில், கல் சூடாக இருக்கும்போது, கடையை நகர்த்தச் சொல்லும் ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. யாருக்குத் தண்ணீர் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஆறு பேர் சேர்ந்து அடுப்போடு, கல்லோடு, கல்லின் மேலிருந்த முர்தபாக்கோடு கடையைத் தூக்கித் தள்ளிவைத்தார்கள். அதைத் திருப்பிப் போட ஒருவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். அடுத்தடுத்த கடைகளும் நகர்ந்தன. கருவாட்டுக்கடைக்காரர் மட்டும் நகரவில்லை. டின் லோரியின் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு அவரை உரசாமல் போனார்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. டோபிக்குப் போகும் குழாயை அடைக்காவிட்டால் பழைய கதைதான். அதன் வால்வு பின்சந்துச் சாக்கடை ஓரத்தில், கணுக்கால் ஆழச் சேற்றில் இருந்தது. காலையிலிருந்து துவைத்த சோப்பு நுரை முழுவதும் அங்கேதான் நின்றது. சப்பாத்தைக் கழற்ற நேரமில்லை. இறங்கினேன். துருப்பிடித்த வால்வு. ஆ செங் மேலேயிருந்து விளக்குப் பிடித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அது திரும்பியபோது என் கால்கள் சப்பாத்துக்குள் நீந்திக்கொண்டிருந்தன.

ஆறரைக்குச் சில நிமிடம் முன்பு கூரைத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். முருகையா அண்ணன் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். எண்ணெய்த் தலை தலையணையில் பதிந்திருந்தது. அருகே போய்ப் பேசினேன். பதில் இல்லை. தண்ணீரைச் சுத்தம் செய்து மெஷினில் ஏற்ற இன்னும் நேரம் ஆகும், பிறகு நாலு மணி நேரம் ஓட வேண்டும், நீங்க போங்க சார் என்றாள் கோமதி. முகத்தில் தைரியம் சொல்லும் பாவனை எதுவும் இல்லை.

வீட்டுக்குப் போக நேரமில்லை. நேரே கோயில். ஏழு இருபத்தைந்து.

வளாகத்தில் வாளிகள் வரிசையாகக் கைமாறிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கோப்பிக் கடையின் பின்கட்டில் ஒரு பழைய கிணறு உண்டு. என்னோடு பேசிவிட்டு வைத்த அடுத்த நிமிடமே அந்தோணிசாமி அண்ணன் அந்தக் கடைக்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார். கழிவறைப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கிணற்றுத் தண்ணீரில் மீன்குஞ்சுகள் ஓடின. அது பாதத்துக்கு ஆகாது என்று தலைவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். பாதத்துக்கு ஃபாதர் அறையிலிருந்த பெரிய போத்தல் ஒன்றுதான்.

பீடத்துக்கு முன்னால் பதினோரு பேர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலி காலி. நான் இலாகாச் சட்டையில், ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்தில் பிதுங்கும் சத்தத்தோடு, நடுப்பாதையில் நடந்து போய் அதில் உட்கார்ந்தேன். லோரி விஷயம் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதல் வரிசையில் ஒரு அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. செலின் ஐந்தாவது வரிசையில் இருந்தாள். என் காலைப் பார்த்தாள். பிறகு பாட்டுப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

எங்கள் ஃபாதர் இளைஞர், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். போத்தலை வெள்ளிக் கிண்டியில் ஊற்றிக்கொண்டு முதல் நாற்காலியிலிருந்து தொடங்கினார். பாதத்தின்மேல் மெல்லிய தாரை, கீழே தாம்பாளம், துடைக்கத் துண்டு. பதினோரு பேரும் வீட்டில் சேமித்த வாளியால் கழுவி, பவுடர் போட்டு வந்திருந்தார்கள். தண்ணீர் பட்டதும் பவுடர் வெள்ளைக் களிம்பானது. அதைக் கழுவ மேலும் தண்ணீர் செலவானது. சுத்தமான பாதங்களைச் சுத்தம் செய்வதிலேயே கிண்டி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

என்னிடம் வந்து முழந்தாளிட்டார். நான் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றியபோது ஒரு பகுதி சாக்கடை அதோடு வந்தது. மீதி காலிலேயே இருந்தது, சோப்பு நுரையுடன். பாடகர் குழுவில் ஒரு குரல் நின்றது.

ஃபாதர் தலையைத் தூக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இன்னிக்கு இப்பதான் அண்ணே எனக்கு வேல வந்துருக்கு."

கிண்டியைச் சாய்த்தார். ஒரு பாதத்தின் விரல்கள் மட்டும் தெரிந்தன. அவ்வளவுதான். தண்ணீர் தீர்ந்தது. மறுபடி சாய்த்தார். சொட்டு. பூசைப் புத்தகத்தில் இதற்கு வழி சொல்லப்படவில்லை. ஃபாதர் முழந்தாளில் இருக்க, என் கால் அவர் கையில் இருக்க, கோயில் முழுவதும் காத்திருந்தது. நான் அந்த நேரத்திலும் முருகையா அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எப்போது காலைத் திரும்ப வாங்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாற்காலியில் சத்தம். அந்தோணிசாமி அண்ணன் எழுந்துவிட்டார். வெறுங்காலோடு பாடகர் குழுப் பக்கம் நடந்தார். அவர் பாட்டும் பாடுவார். தொண்டைக்காக இஞ்சி போட்ட வெந்நீரை ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து வைத்திருப்பார். அதை யாருக்கும் ஒரு வாய் கொடுத்ததில்லை. ஃபிளாஸ்க்கோடு வந்து ஃபாதர் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கிண்டியில் முழுவதையும் ஊற்றினார்.

"சூடு, ஃபாதர். பாத்து ஊத்துங்க" என்றார். பிறகு, இன்னும் என்னைப் பார்க்காமலே, "வெரல் இடுக்குல இருக்கு பாருங்க" என்றார்.

தலைமையாசிரியர் அல்லவா. இரண்டு பாதமும் திருப்தியாகும்வரை மேலே நின்று மேற்பார்வை செய்துவிட்டுத்தான் தன் நாற்காலிக்குத் திரும்பினார். அன்று பூசையில் அவர் குரல் உயர்ந்த இடங்களிலெல்லாம் உடைந்தது. காரணம் இஞ்சித் தண்ணீர் இல்லாதது என்று நினைக்கிறேன்.

பூசை முடிந்ததும் கோமதியை அழைத்தேன். எடுக்கவில்லை. நிலையத்தின் எண்ணும் மணியடித்து ஓய்ந்தது. வீட்டுக்கு வந்தபோது முருகையா அண்ணன் வீட்டில் விளக்கு இல்லை. செலின் சேமித்த வாளி தட்டோடு அப்படியே இருந்தது. நாட்குறிப்பில் அன்று கடைசி வரி, மு. பற்றித் தகவல் இல்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல், ஜெபத்துக்கும் முன்பாக, அவர் கதவைத்தான் முதலில் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. முகத்தில் வீக்கம் குறைந்திருந்தது. செருப்பின் வாரும் மாட்டியிருந்தது.

"கோமதி சொல்லுச்சு" என்றார். "ஒங்க கோயிலுக்குப் போக வேண்டிய தண்ணியாமே அது."

"ஆமாண்ணே."

"அப்ப என் ரத்தத்தக் கழுவுனது கோயில் தண்ணி." கொஞ்சம் யோசித்தார். ஒரே மூச்சில் பேசினார். "இப்ப நான் ஞாயித்துக்கெழம பூசைக்கு வரணுமா? இல்ல, பாதிப் பூசைக்கு வந்தாப் போதுமா?"

"முழுசா வாங்கண்ணே. பாதியில எந்திரிச்சா எங்க தலைவரு வாசல்லயே புடிச்சுக்குவாரு."

"அவரு வேறயா." கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தினார். "கோப்பி போடவா? நீ குடி, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

இன்று எங்களுக்கு ஒருசந்தி, மதியம்வரை ஒன்றும் சாப்பிட மாட்டேன் என்றேன்.

"நல்லதாப் போச்சு லா" என்றார் முருகையா அண்ணன். "தண்ணி மிச்சம்."